முதல் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் கிட்டார் பழகத் தொடங்குகிறவர்களும், பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். மேலிருந்து வாசித்து வந்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை.

பொக்ஸ் கிட்டார், கிளாசிக்கல், லீட் கிட்டார் எண்டு சொல்றாங்க. மூண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பொக்ஸ் கிட்டார் என்று இங்கே எல்லோரும் சொல்வது இரும்புக் கம்பி போட்ட அக்குஸ்டிக் கிட்டாரை. சத்தம் பளிச்சென்று வரும், கழுத்து ஒடுக்கம். கிளாசிக்கலில் மெல்லிய மூன்று கம்பிகளும் நைலோன். தடித்த மூன்றும் நைலோன் இழைமேல் உலோகம் சுற்றியவை. கழுத்து அகலம், சத்தம் மென்மை. லீட் கிட்டார் என்பது எலெக்ட்ரிக். உடம்பு முழுப்பலகை, அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது.

மூன்றிலும் கம்பி ஆறு, சுருதியும் ஒன்றே: தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒன்றில் பழகிய கோர்ட் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கப் பிடிக்கும் பிடி) மற்றதிலும் அப்படியே பிடிபடும். ஆகவே "பிழையான வகையில் தொடங்கினால் எல்லாம் வீண்" என்ற பயம் வேண்டாம்.

இனி அடிக்கடி வரப்போகும் மூன்று பெயர்கள்: கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று ஃபிரெட். தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு நட். உடம்பில் ஒட்டிய பிரிட்ஜில் செருகியிருக்கும் மற்ற வெள்ளைத் துண்டு சாடில்.

அப்ப எனக்கு எது சரி?

என்ன வாசிக்க ஆசை என்பதுதான் கேள்வி. பாடிக்கொண்டே கோர்ட் அடிக்க, சினிமாப் பாட்டு, பொப், தேவாலயப் பாடகர் குழு என்றால் பொக்ஸ் கிட்டார். பைலாவின் 6/8 தாளத்தை நைலோனில் அடித்தால் அந்த வெட்டு வராது, இரும்புக் கம்பிதான் வேண்டும். விரலால் தனி இசை வாசிக்கவோ, பரீட்சை எழுதவோ என்றால் கிளாசிக்கல். ரொக், மெட்டல் கேட்டு வளர்ந்தவர் லீட் கிட்டாரில் நேராகவே தொடங்கலாம். பொக்ஸில் பழகிவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

நைலோன் கம்பிதான் புதுசா பழகிறவைக்கு லேசு எண்டு கடையில சொன்னாங்க. உண்மையோ?

பாதி உண்மை. நைலோன் விரல் நுனியை அவ்வளவு வெட்டாது. ஆனால் கிளாசிக்கலின் நட் அகலம் வழமையாக 52 மி.மீ., பொக்ஸ் கிட்டாரில் 43 மி.மீ. அளவு. சின்னக் கையால் 52 மி.மீ. கழுத்தில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமர்த்த வேண்டிய எஃப் கோர்ட்டைப் பிடித்துப் பாருங்கள், லேசு எங்கே போனது என்று தெரியும். விரல் நோவுக்குப் பயந்து மட்டும் நைலோன் எடுக்க வேண்டாம். அந்த நோவுக்கு வேறு மருந்து உண்டு, கீழே வருகிறது.

மகளுக்கு 9 வயசு. பெரிய கிட்டாரை வாங்கிக் குடுத்தா வளர்ந்தும் வாசிப்பாதானே?

வளரும் வரை வாசிக்க மாட்டாள், அதுதான் பிரச்சினை. பெரிய கிட்டாரைப் பிடித்தால் வலது தோள் தூக்கிக்கொள்ளும், இடது கை முதல் ஃபிரெட்டை எட்டி எட்டியே களைத்துவிடும். இரண்டாவது மாதத்தில் கிட்டார் அலுமாரிக்கு மேலே போய்விடும்.

பொதுவாக 5 முதல் 8 வயது வரை அரை அளவு, 8 முதல் 11 வரை முக்கால் அளவு, 12க்கு மேல் முழு அளவு. வயதைவிட உடம்பு வாகைப் பாருங்கள். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, கிட்டாரை மடியில் வைத்து, முதல் ஃபிரெட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை கொஞ்சமாவது மடிந்திருந்தால் அளவு சரி. கை நீட்டி நிமிர்ந்துவிட்டால் ஒரு அளவு குறையுங்கள். நல்ல நிலையில் உள்ள முக்கால் கிட்டாரைப் பிறகு விற்பது கஷ்டமில்லை, அடுத்த பெற்றோர் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

எவ்வளவு காசு ஒதுக்க வேணும்?

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதிலிருந்து இங்கே கிட்டார் விலையை எழுதிவைத்துப் பிரயோசனமில்லை. பங்கீட்டைச் சொல்கிறோம். கையில் உள்ள மொத்தத்தில் முக்கால் பங்குதான் கிட்டாருக்கு. மிச்சக் கால் பங்கு செட்டப் (கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்யும் வேலை), இன்னொரு கம்பி செட், பஞ்சு வைத்த பை, சுருதி காட்டும் ட்யூனர் ஆகியவற்றுக்கு. முழுக் காசையும் கிட்டாரில் போட்டுவிட்டு, கம்பி உயரமாக இருக்கிற ஒன்றை மெல்லிய துணிக் கவரில் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு குறைந்தாலும் விளையாட்டுச் சாமான் கடைக் கிட்டார் வேண்டாம். ஃபிரெட்டுகளே சரியான தூரத்தில் இல்லாத சாமானை எந்தச் செட்டப்பும் திருத்தாது.

யமஹா எஃப்310 எடுத்தா யோசிக்கத் தேவையில்ல எண்டுறாங்க. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

நல்ல தெரிவு, கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். கம்பி நீளம் 634 மி.மீ., பல முழு அளவு கிட்டார்களின் 650ஐவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் கம்பி இழுவையும் சற்றுக் குறைவு, சின்னக் கைக்கு உதவும். கிளாசிக்கலில் அதே இடத்தில் யமஹாவின் சி40ஐச் சொல்வார்கள். இரண்டும் பெரிய அற்புதங்கள் அல்ல. ஃபிரெட் ஒழுங்கு, சுருதி நிற்பது இரண்டிலும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் வருவதுதான் அவற்றின் பெருமை.

ஆனால் ஒரே மொடலில் இரண்டு பெட்டியைத் திறந்தால் கம்பி உயரம் இரண்டு விதமாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்து களஞ்சியத்தில் எத்தனை மாதம் ஈரத்தில் கிடந்தது என்பது பிராண்டின் கையில் இல்லை. பெயர் தெரியாத கிட்டார் ஒன்று அடுத்த கேள்வியில் உள்ள சோதனைகளில் தேறினால், தேறாத யமஹாவை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

எனக்கு ஒரு கோர்ட்டும் தெரியாது. கடையில போய் எப்படிச் சோதிக்கிறது?

வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. போனில் இலவச ட்யூனர் செயலி ஒன்று, மூன்று வங்கி அட்டைகள், ஒரு வெள்ளைத் தாள் போதும். முதலில் கடைக்காரரிடம் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சுருதி சேராத கிட்டாரில் எந்தச் சோதனையும் செல்லாது. பிறகு தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் ஓரம் வழியே, பலகை நேரா என்று தச்சர் பார்ப்பது போல ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கித் தெரிந்தால் அங்கேயே வையுங்கள். மிக மெல்லிய முன்வளைவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 14ஆவது ஃபிரெட்டிலும் ஒன்றாக அமர்த்தினால், நடுவே 7ஆவது ஃபிரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பளவு இடைவெளி தெரிவது சரி. அதற்கு மேலே போனால் கழுத்து வளைந்திருக்கிறது.

அடுத்தது முக்கியம்: கம்பி உயரம். வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மி.மீ. மூன்றை அடுக்கினால் ஏறத்தாழ 2.3 மி.மீ. பொக்ஸ் கிட்டாரில் 12ஆவது ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே மூன்று அட்டை உரசிக்கொண்டு போனால் நல்லது. நான்கு அட்டை தாராளமாகப் போனால் கம்பி உயரம் கூடிவிட்டது. கிளாசிக்கலுக்கு ஐந்து அட்டை வரை வழமை, லீட் கிட்டாருக்கு இரண்டே கணக்கு. பிறகு ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃபிரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொன்றாக அமர்த்தித் தட்டுங்கள். "ஸ்ஸ்ர்" என்று ஒரே இடத்தில் அதிர்ந்தால் அங்கே ஒரு ஃபிரெட் எழும்பியிருக்கிறது. கையோடு 12ஆவது ஃபிரெட்டில் அமர்த்திய சுரத்தைச் செயலியில் பாருங்கள். திறந்த கம்பி (விரல் வைக்காதது) சரியாக நிற்க இது மட்டும் 10 சென்ட்டுக்கு (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல் விலகினால், மேல் ஃபிரெட்டுகளில் எப்போதும் அபசுரம்தான்.

கடைசியாக, பிரிட்ஜின் பின் ஓரத்தில் தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விடுகிறது. கழுத்தின் இரு ஓரங்களையும் விரலால் தடவுங்கள், ஃபிரெட் முனை கீறக் கூடாது. முன்பலகையை மெல்லத் தட்டினால் உள்ளே எதுவும் கிலுகிலுக்கக் கூடாது. பத்து நிமிடம் கழித்துச் சுருதியைத் திரும்பப் பாருங்கள். கம்பி புதிதென்றால் கொஞ்சம் இறங்கும். ஆனால் தலையிலுள்ள சுருதிக் கீயைத் திருகும்போது செயலியின் முள் நகராமல் நின்று திடீரென்று பாய்ந்தால் நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது, அல்லது கீ தேய்ந்திருக்கிறது. இவ்வளவுக்கும் இருபது நிமிடம் போகும். முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கம்பி உயரமாத்தான் இருக்கு. "வாசிக்க வாசிக்கச் சரியாயிடும்" எண்டார் கடைக்காரர்.

சரியாகாது. இழுவையில் முன்பலகை மேலெழும்பி, உயரம் கூடத்தான் செய்யும். "செட்டப் செய்து தருவீர்களா" என்று கேளுங்கள். செய்து தருகிற கடை என்றால் விலையில் கொஞ்சம் கூடினாலும் இலாபம்.

செட்டப்பில் நடப்பது மூன்று வேலை. கழுத்து வளைவை உள்ளே ஓடும் உலோகக் கோலான ட்ரஸ் ரொட்டை அலன் கீயால் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகிச் சரிசெய்வார்கள். நட் பள்ளங்களை அரம் போட்டு இறக்குவார்கள். சாடிலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தேய்ப்பார்கள். 12ஆவது ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே 1 மி.மீ. குறைய சாடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். ஆகவே வாங்கும்போதே சாடில் பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். ஏற்கனவே தேய்ந்து பதிந்து போயும் கம்பி உயரமாக இருந்தால் கழுத்துப் பொருத்திய கோணமே பிழை. அந்த வேலை கிட்டார் விலையைத் தாண்டும்.

நட் மட்டும் உயரமாக இருந்தால் அறிகுறி வேறு: மேலே எல்லாம் லேசாக இருக்கும், முதல் ஃபிரெட்டில் எஃப் கோர்ட் மட்டும் உயிரை வாங்கும். ஆரம்பிப்பவர் அதைத் தன் கைப்பிழை என்று நினைத்துக்கொள்வார்.

விரல் நோகுது, கோடு விழுது. கிட்டார் பிழையா, நான் பிழையா?

முதல் சில வாரம் எல்லோருக்கும் நோகும். ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் வாசிக்காமல், ஒரு நாளில் 15 நிமிடம் இரண்டு முறை வாசித்தால் தோல் தடித்து வரும். ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் தலைப்பக்கமாக அமர்த்துங்கள், இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் அமர்த்தினால் இரட்டிப்புப் பலம் வேண்டும்.

அதோடு கம்பியை மாற்றுங்கள். பொக்ஸ் கிட்டாருக்குப் பொதுவாகப் போடும் 12–53 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. 10–47 எக்ஸ்ட்ரா லைட் செட் போட்டால் விரல் உடனே வித்தியாசத்தை உணரும். சத்தம் கொஞ்சம் மெலியும், பரவாயில்லை. அரைச் சுருதி இறக்கி வைத்தும் பழகலாம். இதெல்லாம் செய்தும் நோவு குறையாவிட்டால் அட்டை மூன்றையும் எடுத்துக் கம்பி உயரத்தைப் பாருங்கள்.

சொலிட் டொப் எண்டா நல்ல சத்தம் எண்டு யூடியூப்ல சொல்றாங்க. கொஞ்சம் கூடக் காசு போட்டு எடுக்கட்டா?

சத்தம் நல்லதுதான். யமஹா எஃப்ஜி800 போன்றவற்றில் முன்பலகை ஒரே மரம், எஃப்310இல் ஒட்டுப்பலகை. ஆனால் கிட்டார் தொழிற்சாலைகள் பெரும்பாலும் 45–50 சதவீத ஈரப்பதனில் மரத்தை வேலை செய்கின்றன. கொழும்பில் 75க்கு மேல் போவது சாதாரணம். ஒற்றை மரம் அந்த ஈரத்தைக் குடித்து வீங்கும், பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு வைக்கும், கம்பி உயரும். ஒட்டுப்பலகையில் படைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அவ்வளவு அசையாது. முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகை ஒரு குறையே அல்ல என்பது எங்கள் எண்ணம்.

சொலிட் டொப் எடுத்தால் பையோடு மூடி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். மழை நனையும் வெளிச்சுவரில் தொங்கவிட வேண்டாம். பகலில் ஏசி, இரவில் திறந்த ஜன்னல் என்று மாறி மாறி வைப்பது ஈரத்தைவிடக் கெடுதல். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் எந்தக் கிட்டாராக இருந்தாலும் பசை இளகும்.

வெள்ளவத்தையில கடற்பக்கம் வீடு. கம்பி ஒரு மாதத்திலயே கறுத்துப் போகுது.

உப்புக் காற்றும் வியர்வையும். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடியும் மேலும் துடையுங்கள். பூச்சுப் பூசிய கம்பி செட் விலை கூட, ஆனால் பல மடங்கு நாள் உழைக்கும். தெஹிவளை, பம்பலப்பிட்டிக் கடற்பக்கத்தாருக்கும் இதே பதில்தான்.

பிக்கப் வச்ச செமி கிட்டார் எடுத்தா பிறகு ஸ்டேஜுக்கும் உதவும்தானே?

உதவும், ஆனால் ஒரே விலையில் பிக்கப் (கம்பியின் அதிர்வை அம்புக்கு அனுப்பும் பாகம்) உள்ளதும் இல்லாததும் கிடந்தால் உள்ளதில் மரத்திலும் வேலைப்பாட்டிலும்தான் காசைக் குறைத்திருப்பார்கள். வரும் ஆறு மாதத்துக்குள் மைக் முன்னால் நிற்கப் போவதில்லை என்றால் வேண்டாம், பிறகு பொருத்திக்கொள்ளலாம். எடுத்தால் 9 வோல்ட் பற்றரியைப் பயன்படுத்தாத நாட்களில் கழற்றி வையுங்கள். கசிந்த பற்றரி இந்த ஈரத்தில் உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

தொடர்மாடி வீடு. லீட் கிட்டார் எடுத்தா பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரோ?

பொக்ஸ் கிட்டாரைவிட லீட் கிட்டார்தான் அமைதி. ஹெட்ஃபோன் துளை உள்ள 10 வோட் அம்ப் போதும். இரவு பன்னிரண்டுக்கும் வாசிக்கலாம். முதல் லீட் கிட்டாரில் பூட்டு நட் வைத்த ட்ரெமலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) வேண்டாம். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி போகும், கம்பி மாற்றவே அரை நாள் பிடிக்கும். அசையாத பிரிட்ஜ் உள்ளதை எடுங்கள்.

இக்மன் இணையத்தளத்தில பழசு மலிவாக் கிடக்கு. எடுக்கலாமா?

எடுக்கலாம், நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். கடைச் சோதனை முழுவதும் இதற்கும் பொருந்தும். அதற்கு மேல் பார்க்க வேண்டியவை: தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு, முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி வெட்டிய பள்ளம், ஊசிக்கண் அளவு ஓட்டைகள். ஓட்டையிலிருந்து மா மாதிரித் தூள் கொட்டினால் உளுத்த மரம். வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், உங்கள் கதிரை மேசைக்கும் பரவும்.

கிளாசிக்கல் கிட்டார் வீட்ட சும்மா கிடக்கு. இரும்புக் கம்பி போட்டு பொக்ஸ் கிட்டார் ஆக்கலாமா?

கூடாது. நைலோன் செட்டின் இழுவை ஏறத்தாழ 40 கிலோ. இரும்பின் இழுவை என்ன என்பது விரல் நோவுக் கேள்வியில் இருக்கிறது. கிளாசிக்கலின் மெல்லிய முன்பலகை அதற்குக் கட்டப்படவில்லை, கழுத்துக்குள் பெரும்பாலும் ட்ரஸ் ரொட்டும் கிடையாது. முதல் நாள் ஒன்றும் ஆகாது, அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. சில வாரத்தில் கழுத்து வளையும், பிரிட்ஜ் பலகையோடு பிய்ந்து வரும்.

பிள்ளை பரீட்சைக்குப் போறா. எந்தக் கிட்டாரும் பரவாயில்லையா?

ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி இரண்டும் பிரித்தானிய இசைப் பரீட்சை அமைப்புகள். ஏபிஆர்எஸ்எம் கிட்டார் தரப் பரீட்சை கிளாசிக்கலுக்கானது. ட்ரினிட்டியில் கிளாசிக்கல் தனி, ரொக் அண்ட் பொப் தனி. ஆசிரியர் எந்தப் பாடத்திட்டத்தில் பதிவு செய்யப் போகிறார் என்று கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.

நான் பாடுறது 5 கட்டை, அண்ணா 1½ கட்டை. ஒரே கிட்டாரில ரெண்டு பேருக்கும் வாசிக்கலாமா?

கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் ஒன்றாக அமர்த்தும் கவ்வி) ஒன்று இருந்தால் வாசிக்கலாம். கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி: 1 கட்டை சி, 5 கட்டை ஜி. ஜி கோர்ட்டுகளைத் திறந்த கம்பியில் பிடித்தால் அது 5 கட்டை. கேப்போவை முதல் ஃபிரெட்டில் போட்டு அதே விரல்களை வைத்தால் 5½. அண்ணாவுக்கு சி கோர்ட்டுகளைப் பிடித்து முதல் ஃபிரெட்டில் கேப்போ, 1½ ஆகிவிடும். இரண்டாவதில் போட்டால் 2. கம்பி உயரமான கிட்டாரில் கேப்போ போட்டதும் சுருதி ஏறும், பாடுகிறவர் காதுக்கு உடனே தெரியும்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் கமகம் வருமா என்று கேட்பார்கள். கம்பியை வளைத்தும் இழைத்தும் வரும், கிட்டார் பிரசன்னா கச்சேரியே செய்கிறார். ஆனால் அது கோர்ட் பழகிய பிறகு வருகிற வேலை.

நான் இடது கைக்காரன். கம்பியைத் திருப்பிப் போட்டா சரிவராதா?

நட் பள்ளங்கள் ஒவ்வொரு கம்பித் தடிப்புக்கும் வெட்டியவை, பொக்ஸ் கிட்டாரின் சாடில் சாய்வாக இருக்கும். திருப்பினால் மெல்லிய கம்பி பள்ளத்தில் ஆடும், 12ஆவது ஃபிரெட் சுருதி விலகும். நட்டையும் சாடிலையும் மாற்ற வேண்டிவரும். இங்கே இடது கைக் கிட்டார் கடையில் கிடப்பது அரிது. இரு கைக்கும் வேலை இருக்கிற வாத்தியம் என்பதால் வலது கை முறையில் ஒரு மாதம் முயன்று பார்க்கச் சொல்வோம். தாளமடிக்கும் கை அப்போதும் பிடிவாதமாக இடதாகவே இருந்தால், இடது கைக் கிட்டாரைச் சொல்லி எடுப்பிப்பதே சரி.

கிட்டாரோட வேற என்ன வாங்க வேணும்?

கிளிப் ட்யூனர், மேலதிகக் கம்பி செட், 0.6 மி.மீ. அளவில் மூன்று நான்கு பிக் (கம்பியைத் தட்டும் சிறு துண்டு), தடித்த பஞ்சு வைத்த இரட்டைத் தோள்பட்டைப் பை. 100, 101 பஸ்ஸில் மாலை நேரம் வகுப்புக்குப் போய்வருகிறவருக்குப் பைதான் கிட்டாரின் ஆயுள். கேப்போ பிறகு. ஸ்டாண்ட், பொலிஷ் எதுவும் இப்போது வேண்டாம்.

கனடாவிலிருந்து மாமா வாறார், அங்கயிருந்து கொண்டு வரச் சொல்லட்டா?

நல்ல பெட்டியோடு வருமென்றால் சொல்லுங்கள். கம்பிகளை ஒரு சுரம் இரண்டு சுரம் இறக்கி, தலைப்பகுதியைச் சுற்றித் துணி அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். விமானத்தில் உடைவது பெரும்பாலும் தலைதான். குளிர்கால வறட்சியில் இருந்த மரம் இங்கே வந்து சில வாரம் வீங்கிக்கொண்டே இருக்கும், ஆகையால் வந்த அன்றே செட்டப்புக்குக் கொடுக்காமல் ஒரு மாதம் விட்டுக் கொடுங்கள்.

அம்ப் மட்டும் வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மின்மாற்றி இல்லாமல் செருகினால் எரியும். லண்டன் மாமா என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.